மூன்று கணினியும் ஒரு மருமகளும்

"உங்க மகன் மருமகளை வீட்டை விட்டுத் துரத்திட்டாராமே, பெரியம்மா? பாவம், பெத்த பிள்ளையைக்கூட விட்டுட்டுப் போயிட்டாளே!"

கீழ்வீட்டுக்காரி என் முகத்துக்கு நேராகவே இப்படிக் கேட்டாள். வாய் பாவம் என்றது. கண் மட்டும் மீதிக் கதைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"துரத்தினதை நீ பார்த்தியா?"

"பார்க்கல. ஆனா சத்தம் கேட்டுச்சே. வெளிய போ, வெளிய போன்னு கத்தினாரே. எங்க வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு."

"கேட்டிருக்கும். கத்தினான், நான் இல்லைன்னு சொல்லல. எதை விட்டு வெளிய போகச் சொன்னான்னு கேட்டுச்சா?"

அது மட்டும் கேட்டிருக்காது. பாதிச் சத்தத்தை வைத்துக்கொண்டு மீதியை அவளே தைத்துவிட்டாள். தெருமுனையில் துணி தேய்ப்பவர்வரை அந்தச் சட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து, "மருமக சர்வர் வேலைக்குப் போறாங்களாம்ல, எந்த ஓட்டல்மா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். நடந்ததை நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் பேசுகிறவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று பேசட்டும்.

என் மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்ன நிறுவனத்தில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தாள். குட்டி பிறந்ததும் வேலையை விட்டாள். குட்டி நடக்க ஆரம்பித்ததும் மறுபடியும் வேலை தேடினாள். ஒருவரும் கூப்பிடவில்லை. நடுவில் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களாம். பிள்ளை வளர்த்தேன் என்றால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அவளுக்குக் கோபம் வந்தால் யாரிடமும் சண்டை போட மாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள். அந்த மாதங்களில் என் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்த பளபளப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து ஒரு குக்கருக்குக் கைப்பிடியே கழன்றுவிட்டது.

அப்படியிருக்கும்போது ஒரு கணினிப் பயிற்சிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதை நடத்துகிற அம்மாளை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். வேறொரு ஊரில் அவர்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கே பாடம் நடத்த ஆள் வேண்டும். முதலில் இங்கே ஒருநாள் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். கையேட்டையும் அவளேதான் எழுதிக்கொண்டு வர வேண்டும். பாடம், அவரவர் கணினிக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்வது எப்படி என்பது.

எனக்குக் கணினியெல்லாம் தெரியாது. ஆனாலும் அவள் சொல்லிச் சொல்லி இது எனக்குப் புரிந்துவிட்டது. நாம் ஃபோனில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம் என்றால், எங்கேயோ ஒரு கணினி அந்தப் பக்கத்தை எடுத்து நமக்குக் கொடுக்கிறது. கொடுக்கிற வேலையைச் செய்வதுதான் சர்வர். புதிதாக ஒரு பக்கம் செய்கிறவர்கள் அதை நேராக ஊருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். தங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சர்வரை ஓடவிட்டு, தாங்களே கேட்டுத் தாங்களே வாங்கிப் பார்ப்பார்கள். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

இதில் என்ன கஷ்டம் என்று நானும் கேட்டேன்.

"கஷ்டம் என்னன்னா அத்தை, வர்றவங்க ஆளுக்கொரு மெஷின் கொண்டு வருவாங்க. ஒருத்தர்கிட்ட விண்டோஸ் இருக்கும், ஒருத்தர்கிட்ட மேக், ஒருத்தர்கிட்ட லினக்ஸ். மூணுக்கும் மூணு குணம். ஒண்ணுல சர்வரை வெளியிலேருந்து கொண்டு வந்து வைக்கணும். ஒண்ணுல அது முன்னாடியே உள்ளே தூங்கிட்டிருக்கும், எழுப்பணும். இன்னொண்ணு எதைத் தொட்டாலும் நீ யாருன்னு கேட்கும். வகுப்பு முடியறதுக்குள்ள எல்லார் திரையிலயும் அவங்கவங்க பக்கம் வந்தாகணும். ஒருத்தருக்கு வரலைன்னாலும் வேலை இல்லைன்னு மேடம் சொல்லிட்டாங்க."

மூன்றிலும் தானே செய்து பார்க்காமல் கையேட்டில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றாள். அவளுடைய மடிக்கணினி விண்டோஸ். பரண்மேல் கிடந்த பழைய கணினிப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, அதில் லினக்ஸ் போட்டாள். மேக்குக்கு எங்கே போவது? அது என் மகனிடம்தான் இருந்தது, அவன் வேலைக்கென்று வைத்திருக்கிற கணினி. அவனும் வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறவன். அந்தப் பெட்டியைக் குட்டி எட்டிப் பார்த்தாலே அவனுக்கு உயிர் போகும்.

"ஒரு மணி நேரம்தான். என் ஃபைல் எதையும் தொடக் கூடாது" என்று பாஸ்வேர்டை அவனே அடித்துக் கொடுத்தான். அவளும் எதையும் தொடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த சர்வரை எழுப்பினாள். தன் பக்கம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. கையேட்டில் எழுதினாள். கமாண்ட் அடிக்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திரையில் மூடினாள். துணியால் துடைத்து அவன் மேஜையில் திருப்பி வைத்தாள். அப்போது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள்தான் வகுப்பு, அதுவும் மதியம். காலையில் லினக்ஸ் பெட்டியில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் கையேடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். குட்டிக்கு ஊட்டிக்கொண்டே பெட்டியைப் போட்டாள். அது மெதுவாக எழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து என் மகன் கத்தினான்.

"என் மெஷின்ல என்ன பண்ணி வெச்சிருக்க?"

அன்றைக்கு அவன் வாடிக்கையாளருக்குப் பல மாதம் உழைத்துச் செய்ததை வீடியோவில் காட்ட வேண்டிய நாள். அதை அவன் தன் கணினிக்குள்ளிருந்தே காட்டுவதாக இருந்தான். அவனும் இவள் மாதிரியே உள்ளே ஒரு சர்வர் வைத்திருக்கிறவன்தான், ஆனால் வேறு வகை. இரண்டுக்கும் ஒரே வாசல். முன்னால் வந்தது வாசலில் உட்கார்ந்துகொண்டால் பின்னால் வந்ததற்கு இடமில்லை. இவள் எழுப்பிவிட்டது ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அவன் தன் பக்கத்தைக் கேட்டால் வெள்ளைத் திரையில் 'இட் வொர்க்ஸ்' என்று இரண்டே வார்த்தை வருகிறது. வேலை செய்கிறது என்று அர்த்தமாம். வேலை நின்றுபோனவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ஜன்னலை மூடினேனே" என்றாள் இவள். முகம் வெளுத்துவிட்டது.

"மூடினா நின்னுடுமா? கொன்னாலும் திரும்பி வருது! ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், அப்பவும் வருது!"

"இருங்க. அதைக் கொல்லக் கூடாது. கொன்னா, தவறிப்போய் நின்னுடுச்சுன்னு நினைச்சு மெஷினே மறுபடி எழுப்பிவிடும். எழுப்பின அதே கமாண்ட்லதான் நிறுத்தச் சொல்லணும். நான் பண்றேன், எழுந்திருங்க."

"நீ பண்ணினது போதும். இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க வந்துடுவாங்க. இந்த ரூமை விட்டு வெளிய போ."

"ஒரே ஒரு வரிதான்..."

"வெளிய போ! போன்னு சொன்னேன்ல!"

இதுதான் கீழே கேட்ட சத்தம். பயத்தில் கத்தினான். என் மகன் கெட்டவன் இல்லை, ஆனால் பயந்தால் காது அடைத்துக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் வெளியே போகவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அந்தக் கையேடு. தாள்களைப் புரட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"தொடங்கறது எப்படின்னு மூணுக்கும் எழுதியிருக்கேன். நிறுத்தறது எப்படின்னு ஒண்ணுக்குமே எழுதல."

விண்டோஸில் நிறுத்துவதற்கென்றே ஒரு பொத்தான் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறதாம். அதனால் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லையாம்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எதையோ தட்டுகிறான், மறுபடி 'இட் வொர்க்ஸ்'. மறுபடி தட்டுகிறான், மறுபடி அதுவே. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இவள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான். இவளோ அழவும் இல்லை, நகரவும் இல்லை. சுவரில் கடிகாரம் ஓடுகிறது. அங்கே அவள் பழைய பெட்டி யாரும் பார்க்காமல் திறந்து கிடக்கிறது. இவர்களுக்கு நடுவில் நான், இடுப்பில் குட்டியோடு.

குட்டி அப்போது ஈரம் பண்ணிவிட்டான். நான் துணி மாற்றவில்லை. நேராகப் போய் அவனை என் மகன் மடியில் வைத்தேன்.

"அம்மா! இப்பவா? நனைச்சுட்டான்மா!"

"ஆமாடா, நனைச்சுட்டான். எழுந்து பிடி."

ஈரத்தோடு மேஜைக்கு முன்னால் உட்கார முடியுமா? குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். எழுந்த கையோடு இவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே வரி அடித்தாள். பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் குனிந்து, குட்டி ஒரு கையில், மறு கையால் அடித்துக் கொடுத்தான்.

அதற்குள் வாடிக்கையாளரின் ஆட்கள் வீடியோவில் வந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணிலும் முதலில் பட்டது அந்த வெள்ளைத் திரைதான். அதில் ஒருவர் சிரித்தபடி, "சரி, வேலை செய்யுதுன்னு ஒத்துக்கறோம். பக்கத்தையும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். இவள் நாற்காலியை விட்டு நழுவிக் கீழே குனிந்து ஒதுங்கினாள். என் மகன் தன் சர்வரைத் தட்டினான். அவன் கையிலிருந்த குட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவன் பக்கம் வந்தது, வண்ணம் வண்ணமாக.

ஆனால் காலை போய்விட்டது. லினக்ஸ் பாகம் சோதிக்கப்படாமலே கையேட்டில் இருந்தது.

"இன்னொரு நாள் வெச்சுக்கலாமான்னு கேட்டுப் பாரேன்" என்றேன்.

"இன்னொரு நாள் இன்னொருத்தி எடுப்பா அத்தை" என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அவன் இன்னும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். அதனால் குட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அங்கே நடந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் நானும் குட்டியும். சுவர் ஓரமாகப் பெரிய மேடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மருமகள் பலகையில் முதல் வரியாக நிறுத்துவது எப்படி என்றுதான் எழுதினாள். பிறகுதான் தொடங்குவது. இது என்ன தலைகீழாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "இன்னைக்குக் காலையில கத்துக்கிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மேடத்தைத் தவிர.

விண்டோஸ்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் பக்கம் வந்தது. மேக்காரர்களுக்கும் வந்தது. நான் குட்டியின் வாயில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். லினக்ஸ் வைத்திருந்தது இரண்டே பேர், ஒரு தாடிக்காரன், ஒரு கண்ணாடிக்காரப் பெண். இருவர் திரையிலும் அனுமதி இல்லை என்று வந்தது.

அவள் கையேட்டைப் பார்த்தாள். அதில் இருந்தபடிதான் செய்திருந்தார்கள். மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் அனுமதி இல்லை. மேடம் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சிம்பிள் மேடம்" என்றான் தாடிக்காரன், என் மருமகளிடம். "எல்லா ஃபோல்டரையும் எல்லாருக்கும் திறந்து விட்டுடலாம். ஒரே கமாண்ட். நான் எப்பவும் அப்படித்தான் பண்ணுவேன்."

"வேணாம். அதைச் செய்யாதீங்க."

"வந்துடும் மேடம், நான் சொல்றேன்ல..."

"இன்னைக்கு வந்துடும். பழக்கமாயிடுச்சுன்னா நாளைக்கு நிஜமான சர்வர்லயும் அதையே பண்ணுவீங்க. யார் வேணும்னாலும் உள்ளே வந்து மாத்திட்டுப் போவாங்க. நான் அதைச் சொல்லித் தர மாட்டேன்."

"அப்ப எதைச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டது மேடம். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

என் மருமகள் கையேட்டை மூடி மேஜையில் வைத்தாள். பிறகு, "இந்த இடம் எனக்குத் தெரியல. இந்தப் பாகத்தை நான் சோதிச்சுப் பார்க்காம கொண்டு வந்துட்டேன். இப்ப உங்களோட சேர்ந்துதான் பார்க்கப் போறேன்" என்றாள்.

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. வேலை கேட்டு வந்த இடத்தில் தெரியாது என்று சொல்லுவார்களா?

சர்வர் தனக்கு நடந்ததையெல்லாம் ஓர் இடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அதைத் திறந்து கண்ணாடிக்காரப் பெண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படிக்கப் படிக்க இவள் முகம் மாறியது. பக்கம் இருந்த ஃபோல்டர் திறந்துதான் இருந்திருக்கிறது. அது அந்தப் பெண்ணின் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தது. அந்த வெளி ஃபோல்டர் சாத்தியிருந்தது. உள்ளறை திறந்திருந்து என்ன, தெருக்கதவு சாத்தியிருந்தால் அந்நியன் எப்படி வருவான்? லினக்ஸில் சர்வர் அந்நியன்தானாம். வேறு பெயரில், வேறு ஆளாகத்தான் ஓடுமாம்.

"உங்க வீட்டுக்குள்ள அதைக் கூப்பிடாதீங்க" என்றாள். "அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. உங்க பக்கத்தை அங்க கொண்டு போய் வைங்க."

கண்ணாடிக்காரப் பெண் வைத்தாள். வந்தது. தாடிக்காரனும் முனகிக்கொண்டே வைத்தான். அவனுக்கு வரவில்லை. மேடம் எழுந்து நின்றுவிட்டார். மணி அடிக்கப் போகிற நேரம். இவள் ஓடிப் போய்க் குனிந்து பார்த்தாள். அவன் வேறு ஏதோ இடத்தில் வைத்திருந்தான். சரியான இடத்தைக் காட்டினாள். வந்தது.

எல்லோரும் போன பிறகு மேடம் கேட்டார்: "சோதிக்காம ஏன் வந்தீங்க?"

புருஷன் கத்தினான், நேரம் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். "காலையில வீட்டுல ஒரு மெஷின் வேலை கெட்டுப் போச்சு. கெடுத்தது நான்தான். அதைச் சரி பண்ணிட்டு வந்தேன்" என்றாள்.

"எங்க ஆசிரியர்கள் வகுப்புல தெரியாதுன்னு சொல்ல மாட்டாங்க."

"சரிங்க மேடம்" என்றாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார் மேடம். வீட்டுக்கு வந்ததும் கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். என் மகன் பக்கத்தில் போய் நின்று, "என்ன ஆச்சு?" என்று கேட்டான். "தெரியல" என்றாள். "காலையில கத்திட்டேன்" என்றான். "கேட்டுச்சு" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் சண்டை. அதைக் கேட்கக் கீழே யாருக்கும் காது நீளவில்லை.

நாட்கள் போயின. ஃபோன் அடித்தால் மூன்று பேரும் நிமிர்ந்து பார்ப்போம், குட்டியும் சேர்ந்து பார்ப்பான். ஒருநாள் மேடமே கூப்பிட்டார். கையேட்டை முதலில் திருத்த வேண்டும், மூன்று வகைக்கும் போட்டதைக் கழற்றுவது எப்படி என்பதையும் சேர்க்க வேண்டும், அந்த லினக்ஸ் தவற்றை மறைக்காமல் அப்படியே எழுத வேண்டும், அடுத்த மாதம் கிளையில் வந்து சேர வேண்டும் என்றார். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகலாம்.

அவள் ஃபோனை வைத்துவிட்டு என் மகனைப் பார்த்தாள். அவன் குட்டியைப் பார்த்தான்.

"குட்டி?" என்றான்.

"குட்டிக்கு அப்பா இருக்கான்ல" என்றேன் நான். "வீட்டுலதானே உட்கார்ந்திருக்க?"

"எனக்கு வேலை இருக்கும்மா."

"அவளுக்கும் இப்ப இருக்கு."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான். நானும் விடவில்லை, என் முகத்தையும் தூக்கியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் குட்டியைக் குளிப்பாட்ட அவனாகவே கூட்டிப் போனான். சோப்பு இருவர் கண்ணிலும் போய் இருவரும் கத்தினார்கள். கீழ்வீட்டில் அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

அவள் கிளம்பின நாளில் நடந்தது இதுதான், கேட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் படியெல்லாம் விழுந்திருந்தது. கதவைத் திறந்து வைத்தது நான். பையைத் தூக்கிக் கொடுத்தது என் மகன். பொழுது விடிவதற்கு முன்னால் போய்விடுகிறேன் அத்தை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று முதல்நாள் சொல்லியிருந்தாள். கேட்கட்டும், நீ எல்லோரும் பார்க்கத்தான் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

கீழே கீழ்வீட்டுக்காரி துணி உலர்த்துகிற சாக்கில் நின்றிருந்தாள்.

"எங்கம்மா, பையும் கையுமா?"

"வேலைக்கு அக்கா."

"குட்டி?"

"அப்பாகிட்ட இருக்கான்."

நாலடி போயிருப்பாள், மேலே குட்டி வீரிட்டான். அவள் நின்றாள். திரும்பி விறுவிறுவென்று படியேறி வந்தாள். போகமாட்டாளோ என்று நினைத்தேன். என் மகனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவன் முகத்தில் ஒரு நிமிஷம் ஆசை தெரிந்தது, நான் பார்த்தேன்.

"சார்ஜரை விட்டுட்டேன்" என்றாள்.

மூன்று பேரும் தேடினோம். குட்டி அழுதுகொண்டே இருந்தான். மேஜைக்கடியில் கிடந்ததை என் மகன்தான் ஊர்ந்து போய் எடுத்தான். கொடுக்கும்போது சட்டென்று விடவில்லை, ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றான். அவளும் பிடுங்கவில்லை.

"போய் இறங்கினதும் ஃபோன் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தான்.

குட்டியின் மூக்கை முந்தானையால் துடைத்தாள். சார்ஜரைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டி இறங்கிப் போனாள்.